பைத்தான், ஜாவா தொடங்காமல் எரர் காட்டுவது ஏன்? லேப்டாப்பை ஃபார்மெட் போடும் முன் பார்க்க வேண்டியவை

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில், திருச்சேறை வழியாகத் திருவாரூர் போகும் பஸ்ஸில் ஏறி, "குடவாயில் ஒண்ணு" என்று கேட்டாலும் கண்டக்டர் குடவாசலுக்கு டிக்கெட் கிழித்துவிடுவார். ஊரின் பழைய பெயர் அது. சங்கப் புலவர் குடவாயிற் கீரத்தனாரின் பெயரில் அந்த ஊர் இருக்கிறது. சேரமான் கணைக்கால் இரும்பொறையைச் சோழன் சிறைவைத்த இடம் குடவாயிற் கோட்டம் என்று புறநானூற்று 74ஆம் பாடலின் குறிப்பு சொல்கிறது. வாயில் வாசலானாலும் எந்த ஊர் என்று மனிதர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

கம்ப்யூட்டருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. 'பைத்தான்' என்று கேட்டால் பைத்தான், 'பைத்தான்3' என்று கேட்டால் பைத்தான்3. இரண்டும் ஒன்றுதானே என்று அது யோசிக்காது. புதிதாக கோடிங் படிக்கிறவர்கள் முதல் நாளே மிரண்டுபோவதற்கு இந்தப் பிடிவாதம் ஒரு முக்கியக் காரணம்.

குடவாசலில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளை காலை 10 மணிக்கு ஒரு கம்பெனியின் ஆன்லைன் கோடிங் தேர்வு. அண்ணன் பயன்படுத்திய பழைய லேப்டாப். இரவு 9 மணிக்கு பைத்தானை இன்ஸ்டால் செய்து, கமாண்ட் பிராம்ப்ட் எனும் கறுப்புத் திரையைத் திறந்து 'பைத்தான்' என்று டைப் செய்கிறார். 'பைத்தான் இஸ் நாட் ரெகக்னைஸ்டு அஸ் அன் இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட்' என்று பதில் வருகிறது. திரும்ப இன்ஸ்டால் செய்கிறார். திரும்பவும் அதே பதில். "கடைக்கு எடுத்துட்டுப் போயிடலாமாம்மா?" என்கிறார் அப்பா. கடையில் என்ன சொல்வார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான்: "சிஸ்டம் கரப்ட் ஆயிடுச்சு, ஃபார்மெட் போட்ரலாம்."

ஃபார்மெட் போட்டால் கடைசி வருட புராஜெக்ட் போகும், குடும்ப போட்டோ போகும், காசும் போகும். இதில் கொடுமை என்னவென்றால், ஃபார்மெட் போட்டு மறுபடி அதே மாதிரி இன்ஸ்டால் செய்தால் அதே எரர்தான் திரும்ப வரும். ஏனென்றால் அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை.

என்டர் தட்டியதும் என்ன நடக்கிறது?

ஒரு பெயரை டைப் செய்து என்டர் தட்டியதும், அந்தப் பெயரில் ஒரு புரோகிராம் இருக்கிறதா என்று விண்டோஸ் தேடுகிறது. ஆனால் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் துழாவுவதில்லை. 'பாத்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் எழுதியுள்ள ஃபோல்டர்களை, எழுதியுள்ள வரிசையில், ஒவ்வொன்றாகப் பார்க்கும். கமாண்ட் பிராம்ப்ட் என்றால் நீங்கள் நிற்கும் ஃபோல்டரையும் முதலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளும். முதலில் எங்கே அந்தப் பெயர் கிடைக்கிறதோ, அதைத் தொடங்கிவிட்டுத் தேடலை நிறுத்திவிடும். எங்கேயும் இல்லையென்றால் 'நாட் ரெகக்னைஸ்டு'. லினக்ஸிலும் மேக்கிலும் இதே கதைதான். அங்கே 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று சுருக்கமாகச் சொல்லும்.

ஆக, அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் பைத்தான் இருக்கிறது. அது இருக்கும் ஃபோல்டர் பாத் பட்டியலில் இல்லை. அவ்வளவுதான் விஷயம். பைத்தானின் விண்டோஸ் இன்ஸ்டாலரில் முதல் திரையின் அடியில், பைத்தானை பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அது டிக் செய்யப்படாமல்தான் வரும். 'இன்ஸ்டால் நவ்' பட்டன் பெரிதாக இருப்பதால் எல்லோரும் அதைத்தான் முதலில் அழுத்துகிறார்கள். உலகம் முழுக்க எத்தனையோ பேரின் முதல் மாலையைக் கெடுத்த கட்டம் அது.

தீர்வு: அதே இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, 'மாடிஃபை' கொடுத்து, சுற்றுச்சூழல் மாறிகளில் சேர்க்கும் ஆப்ஷனை டிக் செய்யலாம். அதற்கும் முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம். 'பைத்தான்' என்பதற்குப் பதிலாக, அதன் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை மட்டும், அதாவது 'பை' என்று, டைப் செய்யுங்கள். பைத்தான் 3.3 காலத்திலிருந்து விண்டோஸில் கூடவே வரும் லாஞ்சர் இது. பாத்தில் பைத்தான் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துத் தொடங்கிவிடும். காலை 10 மணித் தேர்வுக்கு இதுவே போதும்.

பட்டியலைத் திருத்திய பிறகு செய்ய மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஏற்கெனவே திறந்திருக்கும் கறுப்புத் திரைக்குப் புதிய பாத் தெரியாது. ஒரு புரோகிராம் தொடங்கும்போதுதான் பட்டியலை வாங்கிக்கொள்கிறது. பிறகு எட்டிப் பார்ப்பதில்லை. மூடிவிட்டுத் திறக்க வேண்டும். வி.எஸ். கோடுக்குள் இருக்கும் டெர்மினல் என்றால், டெர்மினலை மட்டும் மூடினால் போதாது, வி.எஸ். கோடையே முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம், பைத்தான் என்று டைப் செய்ததும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறப்பது. 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, பைத்தான் என்ற பெயரில் ஒரு போலிக் கதவை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. பைத்தான் இல்லாதவர்களை ஸ்டோருக்கு அழைத்துப்போகும் நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் உங்கள் பைத்தான் பாத்தில் சரியாக அமையாவிட்டால் இந்தக் கதவுதான் முதலில் திறக்கும். செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாஸஸ்' என்று தேடி, அதில் பைத்தான் பெயரில் இருக்கும் இரண்டையும் அணைத்துவிடலாம்.

தலைமடைக்குத்தான் முதல் தண்ணீர்

புரோகிராம் கிடைக்கவில்லை என்பதைவிட, தவறான புரோகிராம் கிடைப்பதுதான் அதிகத் தலைவலி. டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் தலைமடை வயலுக்குத்தான் முதலில் பாயும், கடைமடைக்கு மிச்சம் இருந்தால்தான். பாத் பட்டியலும் அப்படியே. நீங்கள் நேற்று ஆசையாக இன்ஸ்டால் செய்த ஜாவா 17 பட்டியலின் கடைமடையில் இருக்கும். எப்போதோ வேறொரு சாஃப்ட்வேருக்காக ஏற்றிய ஜாவா 8 தலைமடையில் உட்கார்ந்திருக்கும். 'ஜாவா' என்று கேட்டால் எட்டுதான் ஓடும்.

விண்டோஸில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிஸ்டம் முழுமைக்குமான பாத் ஒன்று, உங்கள் அக்கவுண்டுக்கு மட்டுமான பாத் ஒன்று என இரண்டு பட்டியல்கள் உள்ளன. சிஸ்டம் பட்டியல் முன்னால், உங்களுடையது பின்னால் என்று ஒட்டப்படும். உங்கள் பட்டியலில் முதல் வரியாகச் சேர்த்தாலும், சிஸ்டம் பட்டியலில் இருப்பதற்குப் பின்னால்தான் வரும்.

எது ஓடுகிறது என்று அறிய ஒரே கேள்வி போதும். கமாண்ட் பிராம்ப்டில் 'வேர் ஜாவா' என்று கேளுங்கள். எங்கே என்பதற்கான அதே ஆங்கிலச் சொல்தான். எத்தனை ஜாவா இருக்கிறதோ அத்தனையையும் வரிசையாகக் காட்டும். முதல் வரியில் இருப்பதுதான் ஓடும். பவர்ஷெல்லில் 'வேர்' என்ற சொல்லுக்கு வேறு வேலை உண்டு என்பதால், அங்கே 'வேர் டாட் இ.எக்ஸ்.இ' என்று முழுப் பெயரையும் தர வேண்டும். லினக்ஸ், மேக் என்றால் 'விச்'.

ஜாவா படிக்கும் மாணவர்களை அதிகம் பயமுறுத்தும் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்' இந்தத் தலைமடைப் பிரச்சினையின் குழந்தைதான். மெசேஜில் 61.0, 52.0 என்று இரண்டு எண்கள் வரும். ஒவ்வொன்றிலிருந்தும் 44ஐக் கழித்துப் பாருங்கள். 61 என்றால் ஜாவா 17. 52 என்றால் ஜாவா 8. அதாவது, ஜாவா 17இல் கம்பைல் செய்த புரோகிராமை ஜாவா 8இல் ஓட்டப் பார்க்கிறீர்கள். கம்பைலர் ஒரு ஃபோல்டரிலிருந்தும், ஓட்டும் ஜாவா இன்னொரு ஃபோல்டரிலிருந்தும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் வெர்ஷன் கேட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

'குட் நாட் ஃபைண்ட் ஆர் லோட் மெயின் கிளாஸ்' என்பது வேறு வகை. ஜாவா கிடைத்துவிட்டது, ஓடவும் தொடங்கிவிட்டது. நீங்கள் எழுதிய கிளாஸைத்தான் அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஓட்டும்போது பெயருக்குப் பின்னால் 'டாட் கிளாஸ்' என்று சேர்த்துவிடுவது பெரும்பாலான சமயங்களில் காரணம். கிளாஸின் பெயரை மட்டும்தான் தர வேண்டும், பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக்கூடாது. அதெல்லாம் சரியாக இருந்தும் வருகிறது என்றால், 'கிளாஸ்பாத்' என்ற மாறியை யாரோ செட் செய்து வைத்திருக்கலாம். அது செட் ஆகியிருந்தால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரை ஜாவா தானாகப் பார்க்காது. பழைய பாடப் புத்தகங்களைப் பார்த்து அந்த மாறியை வைத்துவிட்டு, வருடக் கணக்கில் அதனால் அவதிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நீக்கிவிடுவதே நல்லது.

மேலே படிக்கணுமா, கீழே படிக்கணுமா?

எரர் வந்தால் பலர் கடைசி வரியை மட்டும் காப்பி செய்து கூகுளில் போடுகிறார்கள். பைத்தானில் இது பெரும்பாலும் சரி. டிரேஸ்பேக்கின் கடைசி வரியில்தான் காரணம் இருக்கும். ஜாவாவில் இது ஏமாற்றும். 'குட் நாட் கிரியேட் தி ஜாவா வெர்ச்சுவல் மெஷின்' என்று கடைசியில் வருவது முடிவு மட்டுமே. காரணம் அதற்கு மேல் வரியில் இருக்கும்.

அந்த மேல் வரி 'குட் நாட் ரிசர்வ் எனஃப் ஸ்பேஸ்' என்றால், ஜாவா கேட்ட நினைவகத்தை லேப்டாப்பால் தர முடியவில்லை. பழைய லேப்டாப்களில் 32 பிட் ஜாவா இருந்தால், ராம் தாராளமாக இருந்தும் இது வரும். எக்ஸ்.எம்.எக்ஸ் என்ற அமைப்பில் 2 ஜி.பி. கேட்டால் 32 பிட் விண்டோஸ் ஜாவாவுக்கு அவ்வளவு நீளமான தொடர் இடம் கிடைக்காது. 512 எம்.பி. என்று குறைத்தாலே தொடங்கிவிடும்; 64 பிட் விண்டோஸ் என்றால் 64 பிட் ஜாவாவை ஏற்றிக்கொள்வது நிரந்தரத் தீர்வு. மேல் வரி 'அன்ரெகக்னைஸ்டு வி.எம். ஆப்ஷன்' என்றால், பழைய ஜாவாவில் செல்லுபடியான ஓர் அமைப்பு புதிய ஜாவாவில் நீக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அப்படி எதுவும் தரவில்லையே என்றால், 'ஜாவா டூல் ஆப்ஷன்ஸ்' என்ற மாறியைப் பாருங்கள். வேறு ஏதோ சாஃப்ட்வேர் உங்களுக்குத் தெரியாமல் அதில் எழுதி வைத்திருக்கும்.

பைத்தானில் தொடக்கத்திலேயே வரும் பயங்கரமான மெசேஜ், 'ஃபேட்டல் பைத்தான் எரர்' என்று ஆரம்பித்து, 'எங்கோடிங்ஸ்' என்ற மாடியூலைக் காணோம் என்று முடியும். பார்த்தால் பைத்தானே செத்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது தன் வீட்டைத் தொலைத்திருக்கிறது, அவ்வளவே. பைத்தான் எழுந்ததும் முதலில் தன் லைப்ரரி ஃபோல்டரைத் தேடும். 'பைத்தான்ஹோம்' என்ற மாறியில் யாராவது வேறு முகவரி எழுதியிருந்தால் அங்கே போய் நின்று முழிக்கும். வெர்ஷன் மாறிய பிறகும் பழைய முகவரி அப்படியே இருப்பதுதான் வழக்கமான காரணம். சோதிக்க எளிய வழி: பைத்தான் என்று டைப் செய்து, ஒரு ஹைஃபனும் கேப்பிட்டல் 'ஈ' எழுத்தும் சேருங்கள். பைத்தான் பெயரில் தொடங்கும் எல்லா மாறிகளையும் அந்த ஒருமுறை மட்டும் புறக்கணிக்கும். அப்போது ஒழுங்காகத் தொடங்கினால் குற்றவாளி அந்த மாறிதான்.

'நோ பைத்தான் அட்' என்று தொடங்கி, உங்கள் லேப்டாப்பிலேயே இல்லாத ஒருவரின் பெயர் கொண்ட ஃபோல்டரைக் காட்டுகிறதா? காலேஜ் லேபில் செய்த புராஜெக்ட்டை பென்டிரைவில் கொண்டுவந்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் எனும் 'வி-என்வ்' ஃபோல்டர், தான் பிறந்த மெஷினின் முகவரியை உள்ளே எழுதி வைத்திருக்கும். நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடலாம். வி-என்வை நட முடியாது. அந்த ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கி, தேவையான பேக்கேஜ்களை மறுபடி ஏற்றுவதுதான் வழி. கோடுக்கு ஒன்றும் ஆகாது.

பவர்ஷெல்லில் 'ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிசேபிள்டு' என்று வந்தால் அது பைத்தானின் குறையோ நோடின் குறையோ இல்லை, பவர்ஷெல்லின் பாதுகாப்புப் பூட்டு. அவசரத்துக்கு அதே வேலையைப் பழைய கமாண்ட் பிராம்ப்டில் செய்துவிடலாம்.

தமிழ்ப் பெயரில் ஃபோல்டர் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வைக்காமல் இருப்பதே இப்போதைக்கு நிம்மதி. முதலில் இடைவெளிப் பிரச்சினை. ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் கறுப்புத் திரை அங்கேயே பெயர் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். 'சி டிரைவில் புரோகிராம் என்பதைக் காணோம்' என்று எரர் வந்தால், 'புரோகிராம் ஃபைல்ஸ்' இரண்டாக வெட்டுப்பட்டிருக்கிறது. முழு முகவரியையும் இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் சரியாகிவிடும்.

தமிழ் எழுத்து விஷயம் கொஞ்சம் ஆழமானது. விண்டோஸில் பழைய 'கோடு பேஜ்' முறை இன்னும் உயிரோடு இருக்கிறது. வழக்கமான மேற்கத்திய கோடு பேஜில் தமிழ் எழுத்துகளுக்கு இடமே இல்லை. பைத்தானில் தமிழைத் திரையில் காட்டினால் பிழை வராது; 3.6 பதிப்பிலேயே அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதே தமிழை ஒரு ஃபைலுக்குத் திருப்பினால் 'சார்மேப் கோடெக்' என்று புகார் வரும். 'பைத்தான்யூடிஎஃப்8' என்ற மாறியில் 1 என்று வைத்தால் இந்தத் தொல்லை போகும். இந்த வசதி 3.7 முதல் இருக்கிறது. 3.15 முதல் யூ.டி.எஃப்-8 தானாகவே இருக்கும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஜாவா 2022இல் வந்த 18ஆம் பதிப்பிலேயே அந்த முடிவை எடுத்துவிட்டது. பிழை எதுவும் இல்லாமல் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது ஃபான்ட் பிரச்சினை, புரோகிராம் சரியாகத்தான் ஓடுகிறது.

தமிழிலேயே கோடு எழுத உதவும் 'எழில்' மொழியை உருவாக்கியவர் முத்தையா அண்ணாமலை. 2009இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் அச்சாகும். எழில் பைத்தானின் மேல் கட்டப்பட்டது என்பதால், அடியில் பைத்தான் தொடங்காவிட்டால் எழிலும் தொடங்காது. முதல் எரர் ஆங்கிலத்தில்தான் வந்து நிற்கும். தமிழில் நிரல் எழுத வருகிற பிள்ளைக்கு வாசலிலேயே ஆங்கிலத்தில் ஒரு தடுப்பு. யாராவது கவனிக்க வேண்டிய விஷயம் இது.

செய்யக்கூடாதவை

இரவு 11 மணிக்குப் பதற்றத்தில் செய்யும் சில வேலைகள் எரரைவிட ஆபத்தானவை. பாத்தைச் சேர்க்க 'செட்எக்ஸ்' என்ற கமாண்டைப் பல வீடியோக்களில் காட்டுகிறார்கள். அது 1024 எழுத்துகளுக்கு மேல் இருப்பதை வெட்டி எறிந்துவிடும். உங்கள் பாத் அதைவிட நீளம் என்றால் பாதிப் பட்டியல் காணாமல் போய், நேற்று வரை ஓடிய மற்ற சாஃப்ட்வேர்களும் நின்றுவிடும். விண்டோஸ் தேடலில் 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' என்று தேடி, அந்த ஜன்னலில் கையால் ஒரு வரி சேர்ப்பதே பாதுகாப்பு. தொடும் முன் பழைய பட்டியலை நோட்பேடில் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

'விசி ரன்டைம்' என்று தொடங்கும் டி.எல்.எல். ஃபைலைக் காணோம் என்று வந்தால், அந்த ஒரு ஃபைலை மட்டும் இலவசமாகத் தரும் தளங்களுக்குப் போகாதீர்கள். உள்ளே வைரஸ் இருந்தால் உங்களுக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' கிடைக்கிறது, அதுதான் சரியான மருந்து. லேப்டாப்பில் விண்டோஸ் 7 என்றால், பைத்தான் 3.8தான் கடைசி, 3.9 முதல் எதுவும் அதில் ஓடாது. எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் பலன் இல்லை.

கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் சிஸ்டம் பாத்தில் கை வைக்க வேண்டாம். பல கம்பெனிகளில் அது பூட்டப்பட்டிருக்கும், ஐ.டி. டீமுக்கு ஒரு டிக்கெட் போடுவதுதான் முறை.

யாரிடம் உதவி கேட்டாலும் திரையை மொபைலில் சாய்வாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். எரரின் முழு எழுத்தையும் மவுஸால் தேர்ந்தெடுத்து காப்பி செய்து அனுப்புங்கள். கூடவே நீங்கள் டைப் செய்த கமாண்ட், 'வேர்' காட்டிய வரிகள், வெர்ஷன் எண் ஆகியவற்றையும் சேருங்கள். சென்னையில் வேலை பார்க்கும் சீனியர் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே பார்த்து, "உன் ஜாவா பழசு ஓடுதும்மா, முதல் வரியப் பாரு" என்று ஒரு நிமிடத்தில் பதில் போட அது போதும்.